கால் தொங்கும் வண்டி

சுற்றுலாவுக்கு எங்கே போவது என்ற பேச்சு, கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறையில் ஒரு வாரம் ஓடியது. வரலாற்று ஆசிரியர் மாமல்லபுரத்தை விடுவதாக இல்லை. தலைமையாசிரியரின் விருப்பம் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம். பிளஸ் ஒன் வகுப்பில் போய்க் கேட்டபோது பதில் ஒரே சத்தமாக வந்தது: வொண்டர்லா. 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் திறந்த அந்தப் பூங்காவைப் பிள்ளைகள் செல்போனிலேயே சுற்றிப் பார்த்து முடித்திருந்தார்கள். எது எந்த இடத்தில் தலைகீழாகும் என்பதுவரை அத்துபடி. இழுபறியை முடித்துவைத்தவர் இயற்பியல் ஆசிரியை. "நிலையாற்றல், இயக்க ஆற்றல், வட்ட இயக்கம்னு நான் மாசக்கணக்கா போர்டுல எழுதறதை அங்க ரெண்டு நிமிஷத்துல காட்டிடலாம் சார்" என்றார். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நூலக வேலையாக மலைக்கு வந்துபோகிற என்னையும் துணைக்கு வரும் பெரியவர்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

பணம் திரட்டுவது எளிதாக இல்லை. பூங்கா திறந்தபோது அறிவித்த நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயில் தொடங்கியது. பள்ளிக் குழுக்களுக்குத் தள்ளுபடி உண்டுதான். ஆனால் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். அதை வைத்துப் பார்த்தால் ஒரு சீட்டின் விலை ஏறக்குறைய நாலரை நாள் உழைப்பு. முன்னாள் மாணவர்கள் கொஞ்சம் போட்டார்கள், ஆசிரியர்கள் கொஞ்சம் போட்டார்கள். "இந்தக் காசுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமே" என்று நல்லெண்ணத்தோடு கேட்டவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மலைப் பிள்ளைக்கு எது தேவை என்பதை எப்போதும் கீழே இருப்பவர்களே முடிவு செய்து மேலே அனுப்பி வருகிறார்கள். தான் ஆசைப்பட்ட ஓர் இடத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சிரித்துவிட்டு வருவதும் பதினாறு வயதில் கிடைக்க வேண்டிய ஒன்றுதான். பட்டணத்துப் பிள்ளைகளிடம் இதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். கிழக்கு முகம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், மேற்கு முகம் சேலம் மாவட்டத்தில். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை விழுப்புரம்தான் தலைமையிடம். ஒரு சான்றிதழுக்கு மலையிறங்கி அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. இங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். பேசுவது தமிழ். சாமையும் தினையும் மரவள்ளியும் விளைகிற மண், கடுக்காயும் புளியும் தேனும் கிடைக்கிற காடு. ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை, நாடு விடுதலையடைந்த பிறகும் நெடுங்காலம் அப்படியே இருந்தது. இன்றைக்கும் நிலத்தில் வேலை இல்லாத மாதங்களில் அப்பாவும் அம்மாவும் வெளியூர்த் தோட்ட வேலைக்குப் போய்விட, விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது மாவட்டத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. கல்வராயன் மலையின் சேலம் பக்கத்தில், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு பெண் 2025-ல் சென்னை ஐஐடியில் சேர்ந்தார். அந்தச் செய்தி எத்தனை பேரை எட்டியது என்று எனக்குத் தெரியாது. எங்கள் பேருந்தில் வந்த ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருந்தது.

பொங்கல் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டோம். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து முன்னும் பின்னுமாக முனகித் திரும்ப, பிள்ளைகள் பாட்டு நிற்கவில்லை. வாந்தி எடுத்தது கடலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஆசிரியர் மட்டும்தான். கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்க, காய்ச்சிய சாற்றின் வாடை பேருந்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்பேட்டை. அங்கே சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்ததும் எல்லோரும் தூங்கிப்போனார்கள். திண்டிவனம் தாண்டி அச்சிறுப்பாக்கத்துக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, விடுதிச் சமையற்கார அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாது என்று கேள்விப்பட்டதும் அந்த அம்மா இரண்டு பங்காகக் கட்டியிருந்தார். மதுராந்தகம் ஏரியில் வெயில் ஏறியிருந்தது. செங்கல்பட்டில் திரும்பி, திருப்போரூர் சாலையில் போகும்போது மரங்களுக்கு மேலே முதல் தண்டவாள வளைவு தெரிந்தது. பேருந்தின் இடது பக்கம் இருந்தவர்கள் மொத்தமும் வலது பக்கம் வந்துவிட்டார்கள்.

64 ஏக்கர், 43 சவாரிகள், 611 கோடி ரூபாய் முதலீடு என்று திறப்பு விழாவின்போது சொன்னார்கள். வாசலில் கோயில் தூண் சாயலில் கட்டடங்கள். தமிழ்நாட்டுக்கு இப்படிப்பட்ட இடங்கள் புதியவையல்ல. 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபியும் எம்ஜிஎம்மும், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டரும், 2003-லிருந்து பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்டும் பள்ளிச் சுற்றுலாக்களின் ஒரு தலைமுறையை வளர்த்தன. இதற்கெல்லாம் முதலில் பெயர்போன இடங்களில் ஒன்று நியூயார்க்கின் கோனி தீவு. 1884-ல் தாம்ஸன் என்பவர் அங்கே போட்ட மர ரயில் மணிக்கு ஆறு மைல் வேகத்தில் போனது. ஒரு சவாரிக்கு ஐந்து சென்ட். மெதுவாக ஓடும் ஆளுக்குச் சமமான அந்த வேகத்துக்குச் சனம் வரிசையில் நின்றது.

எங்கள் பிள்ளைகள் போகும் வழியில் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகத் தஞ்சோராவுக்குத்தான் போனார்கள்.

தஞ்சோரா ஒரு தொங்கு ரோலர் கோஸ்டர். வழக்கமான வண்டியில் தண்டவாளம் காலுக்குக் கீழே இருக்கும். இதில் தலைக்கு மேலே. இருக்கைகள் தண்டவாளத்திலிருந்து தொங்குகின்றன. பாதத்துக்குக் கீழே தரை கிடையாது. வரிசைக்கு நான்கு பேர். செய்தது சுவிட்சர்லாந்தின் போல்லிகர் அண்டு மாபில்லார்டு நிறுவனம். 1992-ல் அமெரிக்காவில் இந்த வகையை முதன்முதலில் ஓடவிட்டவர்களும் அவர்களே. அந்த நிறுவனம் இருக்கும் மோந்தே என்ற ஊர் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது என்று வரிசையில் நின்றபடி சொன்னேன். "அப்ப அவங்களும் மலைக்காரங்கதானா சார்?" என்று கேட்டான் ஒருவன். அதற்குப் பிறகு அவன் பயம் பாதியாகக் குறைந்ததை அவன் நிற்கும் விதத்திலேயே பார்க்க முடிந்தது.

வரிசையின் தொடக்கத்தில் உயரம் பார்க்கும் கம்பம். வகுப்பிலேயே சின்ன உருவமான பையன் மூச்சை இழுத்துப் பிடித்து நிமிர்ந்தான். குதிகால் ஒரு விரற்கடை எழும்பியது. பணியாளர் குனிந்து, அந்தக் குதிகாலை உள்ளங்கையால் மெதுவாகத் தரையில் அழுத்திவிட்டு மறுபடி அளந்தார். தப்பித்தான். வகுப்பே கைதட்டியது.

ஆசிரியை வரிசையிலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார். சங்கிலி வண்டியை உச்சிக்கு இழுத்துக்கொண்டு போகும். அதோடு சரி. அங்கிருந்து கடைசிவரை இன்ஜின் கிடையாது. ஏறிய உயரம்தான் வேகமாக மாறுகிறது, வேகம் மறுபடி உயரமாகிறது, கொஞ்சம் உராய்விலும் காற்றிலும் கரைகிறது. அதனால்தான் அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டைவிடக் குட்டையாக இருக்கின்றன. "அந்த வளையத்தைப் பாருங்க, வட்டமாவா இருக்கு?" என்று கேட்டார். இல்லை. மேல்பக்கம் குறுகி, கீழே அகன்று, கண்ணீர்த்துளி வடிவில் இருந்தது. 1895 வாக்கில் கோனி தீவில் முழு வட்டமாகவே ஒரு வளையம் போட்டார்கள். தட்டையான பாதையிலிருந்து சட்டென்று வட்டத்துக்குள் நுழைந்ததும் உடம்பின் எடை பல மடங்காகி, ஏறியவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வளைவு கொஞ்சம் கொஞ்சமாக இறுக வேண்டும் என்ற கணக்கை நவீன எஃகுத் தண்டவாளத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல். அவர் வடிவமைத்த வளையம் 1976-ல் கலிபோர்னியாவில் ஓடத் தொடங்கியது. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் கொட்டாவி விடுகிற அதே பிள்ளைகள், வெயிலில் நின்றபடி அந்த வளைவை விரலால் காற்றில் வரைந்து பார்த்தார்கள்.

எங்கள் முறை வந்தது. தோளுக்கு மேலிருந்து பாரமான கவசம் ஒன்று இறங்கி நெஞ்சை அடைத்தது. "நுகத்தடி மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். அதன் நுனியை இருக்கையோடு சேர்த்து ஒரு வார் மாட்டினார்கள். பிறகு இரண்டு பணியாளர்கள் வரிசை வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு கவசத்தையும் ஒருமுறை கீழே அழுத்தி, ஒருமுறை மேலே இழுத்து, வாரைச் சுண்டிப் பார்த்து, அடுத்த ஆளிடம் போனார்கள். யாரையும் விட்டுவிடவில்லை. என்னையும் இழுத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணிடம் வந்தபோது கவசம் ஒரு படி தளர்வாக இருந்தது. "மூச்சு விடும்மா" என்று சொல்லி இன்னொரு படி இறக்கினார். இருவரும் கையை உயர்த்திக் காட்டிய பிறகே காலுக்குக் கீழிருந்த தரை விலகியது.

அந்தச் சவாரியைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. வானம், தரை, மறுபடி வானம். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் ஒரு தூணை நோக்கிப் போகும்போது முழங்காலைத் தானாக மடக்கிக்கொள்கிறோம். எனக்குப் பின்னால் மலைக் குரலில் ஒரு கூச்சல். காட்டில் ஒருவரையொருவர் தொலைவிலிருந்து கூப்பிடுகிற அதே நீட்டல்.

இறங்கி வந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மட்டும் திரும்பி நடைமேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், ஒவ்வொருத்தரையும் தனித்தனியா இழுத்துப் பாக்கறாங்க சார்" என்றாள். "எங்க பிக்கப்புல இப்படி யாருமே பாத்ததில்ல."

அவள் சொன்னது மலையில் ஓடும் சரக்கு வண்டியை. பல குக்கிராமங்களுக்குப் பேருந்து வருவதில்லை. வரும் ஊர்களிலும் ஓரிரு நடைதான். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளி விடுதிக்கும் பிக்கப்தான் கதி. பின்பக்கத் தொட்டியில் மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, மேல் கம்பியையோ கயிற்றையோ பிடித்தபடி வளைவுகளில் இறங்க வேண்டும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. ஏறாமல் இருந்தால் வீட்டுக்குப் போக முடியாது. 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில் கோயிலுக்குப் போன பிக்கப் ஒன்று பள்ளத்தில் விழுந்து, பெண்களும் சிறுமிகளும் உட்பட 11 பேர் இறந்தார்கள். அவர்களும் மலைவாழ் மக்கள்தான். கல்வராயன் பிள்ளைகளுக்கு அது சொந்தக்காரர் வீட்டுச் சாவு.

சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, இந்த மலையில் சாலை எங்கே, மருத்துவம் எங்கே, பள்ளி எங்கே என்று அரசைக் கேட்டது. கேட்டதன் பலனாகச் சில வேலைகள் நகர்ந்திருக்கின்றன. ஆனால் பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குத் தன் உயிரை ஓர் அந்நியர் பொறுப்பாகச் சோதித்துப் பார்ப்பது எப்படியிருக்கும் என்பது, பணம் கட்டி நுழைந்த கேளிக்கைப் பூங்காவில் முதன்முதலாகத் தெரியவந்தது என்றால், அந்த வேலைகள் போதவில்லை. அன்று நான் பார்த்த நூறு விஷயங்களில் இது ஒன்றுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ஆசிரியை அவளை அப்படியே விட்டுவிடவில்லை. நடைமேடையில் ஓய்வாக நின்ற பணியாளர் ஒருவரிடம் கூட்டிப்போனார். அவர் விழுப்புரம் பக்கத்து இளைஞர். ஊர்க்காரர்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. காலையில் கதவு திறப்பதற்கு முன்னால் தண்டவாளத்தைப் பார்வையிடுவது, ஆளில்லாமல் வெற்று வண்டியை ஓடவிட்டுப் பார்ப்பது எல்லாம் சொன்னார். சக்கரங்கள் மூன்று வகை: எடையைத் தாங்குவது, பக்கவாட்டில் பிடிப்பது, தண்டவாளத்தின் மறுபுறம் கவ்வி வண்டியை விலகவிடாமல் வைப்பது. மூன்றாவது சக்கரம் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-ல் காப்புரிமை பெற்றது. அதற்குப் பிறகுதான் செங்குத்தான சரிவுகளுக்கே துணிந்தார்கள் என்று நான் சேர்த்துச் சொன்னேன். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருக்கும்போது அடுத்த வண்டியைக் கணினி உள்ளே விடாது என்றார்.

"கணினிய ஆளு மீறிட்டா?" என்று கேட்டாள் அவள்.

கூர்மையான கேள்வி. இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் கேளிக்கைப் பூங்காவில் 2015 ஜூனில் நடந்தது அதுதான். பாதையில் வண்டி நிற்கிறது என்று கணினி தடுத்ததைத் தவறான எச்சரிக்கை என்று நினைத்து ஆட்கள் மீறினார்கள். ஆட்கள் நிறைந்த வண்டி, நின்றிருந்த வெற்று வண்டியில் மோதியது. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். நிறுவனத்துக்கு நீதிமன்றம் 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. இதைச் சொன்னதும் அந்த இளைஞர், "அதனாலதான் ரெண்டு பேர் கை காட்டணும். ஒருத்தர் போதாது" என்றார். அவள் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு பையன் தஞ்சோராவில் ஏறவேயில்லை. வரிசையின் கடைசிவரை வந்து, கவசம் இறங்குவதைப் பார்த்ததும் திரும்பிவிட்டான். நண்பர்கள் இரண்டு பேர் கேலி செய்யத் தொடங்கியபோது வரலாற்று ஆசிரியர் குறுக்கே வந்தார். "எனக்கும்தான் பயம். வா, நாம ரெண்டு பேரும் பை பாத்துக்கலாம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிற்பகலில் அவனாகவே பெரிய ராட்டினத்துக்கு வந்தான். சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான்: பயந்தவனைத் தள்ளி ஏற்றாதீர்கள். எல்லா நல்ல பூங்காக்களிலும் ஏறாமல் வெளியேற ஒரு வழி வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

மற்றதெல்லாம் ஓட்டம்தான். உயரே தூக்கிச் சுழற்றும் ஸ்பின்மில்லில் ஏறியவர்கள் இறங்கி வந்து நேராக நடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மதியச் சாப்பாட்டு வரிசை நீளம். பேருந்தில் மிச்சமிருந்த புளிச்சோறு நினைவுக்கு வந்து இரண்டு பேர் ஏக்கத்தோடு பேசிக்கொண்டார்கள்.

தண்ணீர்ப் பக்கம் போக நைலான் உடை கட்டாயம். பருத்தித் துணி நூல் விட்டு வடிகட்டியை அடைக்கும். பெண்கள் முதலில் தயங்கினார்கள். மலையில் பெரியார் அருவியிலும் மேகம் அருவியிலும் பாவாடை சட்டையோடு குளித்தே பழக்கம். முழுக்கை, முழுக்கால் உடை உண்டு என்று தெரிந்ததும் தயக்கம் போய்விட்டது. அலைக்குளத்தில் மணி அடித்து முதல் அலை எழுந்தபோது அத்தனை பேரும் கைகோத்து நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. "நிஜக் கடல்ல அலைக்கு மணி அடிப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி அவள் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். கடல் கிழக்கே கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது, நேரம்தான் இல்லை. அடுத்த ஆண்டு மாமல்லபுரம் என்று வரலாற்று ஆசிரியர் அங்கேயே வாக்கு வாங்கிவிட்டார்.

திரும்பும் வழியில் ஆசிரியை நோட்டுகளை வாங்கிப் பேருந்து விளக்கில் புரட்டினார். பாதிப் பேர் வளையத்தை வரைந்திருந்தார்கள். ஒருவன் தஞ்சோராவில் தன் எடை எங்கெங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று அம்புக்குறி போட்டிருந்தான். உச்சியில் மட்டும் அம்பு தலைகீழ். "திங்கக்கிழமை இதை போர்டுல போட்டுடலாம்" என்றார். விடுதிக்கு வந்து சேர நள்ளிரவு.

மறுநாள் சனிக்கிழமை. ஊருக்குப் போகும் பிள்ளைகள் வெள்ளிமலைக் கடைவீதியில் பிக்கப்புக்குக் காத்து நின்றார்கள். வண்டி வந்தது. அரிசி மூட்டை, ஒரு கேஸ் சிலிண்டர், நாலைந்து பெரியவர்கள், கைக்குழந்தையோடு ஒரு அம்மா, பிறகு பிள்ளைகள். நேற்றைய பெண் முதலில் ஏறினாள். மூட்டைகளை ஓட்டுநர் கேபின் பக்கமாக நகர்த்தச் சொன்னாள். சிலிண்டரைக் கயிற்றால் கட்டவைத்தாள். "நிக்கிறவங்க எல்லாம் உட்காருங்க. மாமா, நீங்களும்தான்" என்றாள். சின்னப் பிள்ளைகளைத் தொட்டியின் நடுவில் உட்காரவைத்து, ஒவ்வொரு கையையும் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிடி தளர்ந்திருந்த ஒரு சிறுவனின் விரல்களை எடுத்துப் பக்கவாட்டுக் கம்பியில் சுற்றிவிட்டாள்.

ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். "ஏ புள்ள, நேரமாச்சு, எடுக்கட்டா?"

"இருண்ணா" என்றாள். "இன்னும் ரெண்டு பேரப் பாக்கல."